ரயில் பாதை குறுக்கிடும் பழங்கால அகழியும் மண்கரையும்: தொல்லியல் கண்காணிப்பு எந்தக் கட்டத்தில் தொடங்க வேண்டும்?

#1 பாலக்கட்டுநர்

இங்கிலாந்தின் ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதை, சில்டர்ன் குன்றுகளில் கிரேட் மிஸ்ஸெண்டனுக்கும் வெண்டோவருக்கும் இடையில் கிரிம்ஸ் டிச் என்ற அகழிக்கரையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. இரும்புக்காலத்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கோட்டையில்லை, ஊரில்லை, ஒரு நீளமான அகழி, பக்கத்தில் அகழி மண்ணைக் கொட்டிய கரை, அவ்வளவுதான்.

பொறியியல் பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பது இதுதான்: மேல்மண் எடுக்கும் நாளில் ஒரு தொல்லியலாளர் வந்து நிற்பார், ஏதாவது தெரிந்தால் வண்டியை நிறுத்துவார், கரையின் குறுக்கே ஒரு வெட்டு போட்டுப் படம் வரைவார், முடிந்தது. இது போதுமா? போதாது என்றால் எது விட்டுப்போகிறது? அளவுகளோடு சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மண்ணடுக்கு

போதாது. மேல்மண் எடுக்கும் நாள் என்பதே மண்கரைக்குப் பொருந்தாத கணக்கு.

உழுத வயலில் 25, 30 செ.மீ. உழவுமண் இருக்கும். அதை எடுத்த பிறகுதான் பழைய குழிகளும் அகழிகளும் தெரியும். அதனால் "மேல்மண்ணை எடு, பிறகு பார்" என்ற முறை அங்கே சரி. கரையில் அப்படியில்லை. புல்வேரோ இலைமட்கோ 10 செ.மீ. இருக்கும், அதற்குக் கீழே உடனே பழங்காலத்து ஆட்கள் கொட்டிய மண். மேல்மண் அகற்றும் வரைபடத்தில் "300 மி.மீ." என்று போட்டு வண்டியை அனுப்பினால் கரையின் உச்சி அன்றைக்கே போய்விடும். கரையின் உச்சியில்தான் பின்னாளில் உயர்த்திய அடுக்கும், வேலிக்கால் குழி ஏதாவது இருந்தால் அதுவும் இருக்கும்.

இன்னொன்று, சேதத்தின் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்பே நடந்துவிடும். பாதை வேலையில் முதலில் உள்ளே வருவது மண்வெட்டும் இயந்திரம் இல்லை. நிலத்தடி ஆய்வுத் துளை, வேலி, மரம் வெட்டுதல், மின்கம்பி மற்றும் குழாய் இடமாற்றம், தற்காலிகச் சாலை. இந்த ஐந்தும் வேறு வேறு ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும். ஒருவருக்கும் கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது.

இவற்றில் மூன்றுக்குச் செய்ய வேண்டியது:

ஆய்வுத் துளை: துளையிடும் முன் நிலத்தடிக் கம்பிகளுக்காக 1.2 மீ. ஆழத்துக்குக் கையால் ஒரு சிறு குழி தோண்டுவார்கள். கரையிலோ அகழியிலோ அது விழுந்தால், அதுவே கணக்கில் வராத ஒரு தொல்லியல் குழி. துளைப் புள்ளியை 10 மீ. தள்ளி வைக்கச் சொன்னால் பொறியாளருக்கு எந்த நஷ்டமும் பெரும்பாலும் இல்லை. தள்ள முடியாவிட்டால் அந்தக் கைக்குழியைத் தொல்லியலாளரே தோண்ட வேண்டும்.

வேலி: கால் நடும் வேலி கூடாது. கான்கிரீட் எடைக்கட்டை மேல் நிற்கும் தற்காலிக வேலி போதும். அகழியின் வெளி விளிம்பிலிருந்தும் கரையின் அடிவாரத்திலிருந்தும் குறைந்தது 10 மீ. விட்டு நிறுத்துங்கள். அகழிக்கு அப்பால் இரண்டாவது சிறு கரை இருந்து காலப்போக்கில் தேய்ந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் வேலி போட்டால் அது வெளியே நின்றுவிடும்.

தற்காலிகச் சாலை: கரைக்கு ஏற்கெனவே ஒரு திறப்பு இருக்கிறதே, அதன் வழியாகப் போகலாம் என்பார்கள். அந்தத் திறப்பு பழங்கால வாயிலா, பிற்காலத்தில் உழவுக்கு உடைத்ததா என்று தெரியாமல் அதில் கல் பரப்பக் கூடாது. பழைய வாயிலானால் அகழியின் முனைகள் அங்கேதான் இருக்கும். பொருள்கள் அதிகம் கிடைக்கும் இடமும் முனைதான்.

#3 வரைகோல்

மேலே சொன்னதோடு ஒன்று: எதையும் தொடும் முன் தரைமேல் அளவெடுப்பு முடிந்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் முகமையின் 1 மீ. லைடார் (வானிலிருந்து லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளப்பது) தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அடர்ந்த காட்டுக்குள் தரையைத் தொட்ட புள்ளிகள் குறைவு. கரை மழுங்கித் தெரியும், சிறு திறப்பு காணாமலே போகும். இலை உதிர்ந்த பருவத்தில் ட்ரோன் லைடார் எடுங்கள். அல்லது மரம் வெட்டியதும், வேர்க்கட்டையைத் தொடும் முன், டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்துச் சரிவு மாறும் ஒவ்வொரு கோட்டிலும் புள்ளி எடுங்கள்: கரை உச்சி, கரை அடி, இடைத்திட்டு (கரைக்கும் அகழிக்கும் நடுவிலுள்ள சமதளம்), அகழி உதடு, அகழி மையம். இந்த ஐந்து கோடுகள் இல்லாமல் சம இடைவெளிக் கட்டத்தில் ஆயிரம் புள்ளி எடுத்தாலும் உருவம் வராது.

புவி இயற்பியல் அளவீட்டில் காந்த மானி, கோட்டுக்குக் கோடு 1 மீ., கோட்டில் 0.25 மீ. என்பது வழக்கம். மரம் வெட்டிய தரையில் அது ஓடாது. இரும்பு வேலி அருகில் இருந்தால் அதன் பக்கத்தில் தரவே பயனில்லை. வேலி போடும் முன் இதை முடிக்க வேண்டும் என்பது நேர அட்டவணையில் அடிக்கடி தவறிப்போகும்.

#4 பாலக்கட்டுநர்

நன்றி. கிரிம்ஸ் டிச்சின் சில பகுதிகள் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. அப்படியிருக்க அனுமதி யார் கொடுத்தார்கள்? வேர்க்கட்டை விஷயத்தையும் யாராவது விரித்துச் சொல்லுங்கள். அடித்தளக் குழுவினர் வேரை விட்டுவைக்க மாட்டார்கள்.

#5 சட்டப்படி

சுருக்கமாக. சாதாரணமாக 1979 ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி, பட்டியலில் உள்ள சின்னத்தைத் தொடத் தனி ஒப்புதல் வேண்டும், மரபுச் சின்னங்களுக்கான அரசு ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து கருத்துச் சொல்லும். ஹெச்எஸ்2 முதல் கட்டத்துக்கு நாடாளுமன்றம் 2017இல் தனிச் சட்டமே இயற்றியது. அந்தப் பாதையின் பணிகளுக்கு மேற்படி ஒப்புதல் நடைமுறையை அந்தச் சட்டமே விலக்கிவிட்டது. பதிலுக்கு மரபுச் சின்னங்களுக்கான உறுதிமொழி ஆவணமும், இடத்துக்கு இடம் எழுதப்படும் ஆய்வுத் திட்ட அறிக்கையும் கட்டுப்படுத்துகின்றன.

ஆகவே களத்தில் உண்மையான அதிகாரம் அந்தத் திட்ட அறிக்கையின் வாசகத்தில் இருக்கிறது. "தொல்லியலாளர் முன்னிலையில்" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் வெறும் சாட்சி. "தொல்லியலாளரின் கட்டளைப்படி இயந்திரம் இயங்கும், அவர் எழுத்தில் விடுவிக்கும் வரை அடுத்த கட்டம் தொடங்காது" என்று இருந்தால்தான் நிறுத்த முடியும். எந்த எல்லைக்குள் என்பதை ஆயத்தொலைவுகளோடு இணைப்பில் போட வேண்டும்.

#6 வேரும்விழுதும்

வேர்க்கட்டை: பிடுங்கவே கூடாது. முதிர்ந்த மரத்தின் வேர்த்தட்டு 2, 3 மீ. அகலத்துக்குக் கரையைக் கவ்விப் பிடித்திருக்கும். இழுத்தால் கரை பாளமாகப் பெயரும், அடியில் இருந்த பழைய தரையும் சேர்ந்து கிளம்பும். தரையோடு ஒட்ட அறுத்து, கட்டையை அப்படியே விட்டு, அகழாய்வின்போது அதைச் சுற்றிக் கையால் இறங்குவதுதான் வழி. வெட்டிய மரத்தை இழுத்துச் செல்லவும் கூடாது. தூக்கி எடுக்க வேண்டும், வண்டி நிற்கும் இடத்தில் பாய்ப்பலகை விரிக்க வேண்டும்.

பழைய காட்டு மண்ணை வாரி வேறிடத்தில் பரப்பும் சூழலியல் திட்டம் ஹெச்எஸ்2வில் உண்டு. அந்த மண்ணும் கரை மண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் இரு குழுவும் மோதிக்கொள்ளும். யார் முதலில் என்று தீர்மானிக்காமல் விட்டால் காட்டு மண் வாருபவர் முந்திவிடுவார், ஏனென்றால் அவருக்குப் பருவம் உண்டு. கரையின் எல்லைக்குள் காட்டு மண்ணை வாருவதும் தொல்லியல் அகழாய்வாகவே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு தேவையும் அதிலே நிறைவேறும்.

வளைக்கரடி (பேட்ஜர்) இன்னொரு சிக்கல். சரிவும் உலர்ந்த மண்ணும் இருப்பதால் அவை கரையைத் தேடி வரும். 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி வளையைத் தொட உரிமம் வேண்டும். வளை மூடல் வழக்கமாக ஜூலை முதல் நவம்பர் வரைதான். பறவைக் கூடு மார்ச் முதல் ஆகஸ்ட். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மரம் வெட்டவும் அகழவும் கிடைக்கும் காலம் குறுகியது. ஒரு வருடம் முன்பே திட்டமிடாதவர் கடைசியில் தொல்லியல் நாள்களில்தான் கைவைப்பார்.

#7 நேர்க்கோடு

ஒரு மாற்றுக் கருத்து. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் அகழியில் பாதை தொடுவது சில பத்து மீட்டர். நல்ல வெட்டு ஒன்று, 2 மீ. அகலத்தில், அகழிக்கும் கரைக்கும் செங்குத்தாக, கன்னி மண் (மனிதக் கை படாத இயற்கை மண்) வரை. அதில் அகழியின் வடிவம், நிரம்பிய வரிசை, கரையின் கட்டுமானம் எல்லாம் தெரிந்துவிடும். மீதி நீளம் அதே கதையைத் திரும்பச் சொல்லும். ஒதுக்கிய பணத்தைக் காலக்கணிப்புக்குச் செலவிடுவது மேல்.

#8 மண்ணடுக்கு

நேர்க்கோடு, மதிப்போடு மறுக்கிறேன். மீதி நீளம் அதே கதையைச் சொல்லும் என்பது, அந்த நீளத்தை எடுத்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய முடிவு. நீண்ட எல்லை அகழிகள் பல சமயம் பகுதி பகுதியாக வெட்டப்பட்டவை. ஒரு குழு விட்ட இடத்தில் இன்னொரு குழு தொடரும்போது ஆழம் மாறும், அடி குறுகும். மறுவெட்டு (நிரம்பிய அகழியைப் பின்னாளில் மீண்டும் தோண்டியது) ஓரிடத்தில் இருக்கும், 8 மீ. தள்ளி இருக்காது. இது ஒற்றை வெட்டில் தெரியாது. இன்னொரு காரணம், அகழியில் பொருள்களே அரிது. 2 மீ. அகல வெட்டில் ஒரு பானை ஓடும் கிடைக்காமல் போவது சாதாரணம். காலம் சொல்லக்கூடிய எலும்போ மான்கொம்போ வேண்டுமென்றால் அகழியின் அடியை நீளவாக்கில் திறக்க வேண்டும்.

நான் சொல்லும் முறை: பாதைக்குள் வரும் நீளத்தின் இரு விளிம்பிலும் முழு வெட்டு ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. மூன்றையும் வரைந்து அடுக்குகளைப் புரிந்துகொண்ட பின், மீதி நிரப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்து அடியை முழுவதும் திறப்பது. மேல் நிரப்பை இயந்திரம் எடுக்கலாம், அடி 40 செ.மீ. கையால். அழியப்போகும் இடத்தில் மாதிரி எடுத்துவிட்டு மீதியை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, மீதி என்று ஒன்று இருக்காது.

வெட்டின் ஆழம் பற்றி ஒரு நடைமுறைச் சிக்கல், பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். 1.2 மீ. தாண்டினால் ஆள் இறங்கப் படி வெட்டுவது களத்தின் வழக்கம் (மண் தளர்வாக இருந்தால் அதற்கு முன்பே). 2.4 மீ. ஆழ அகழிக்கு ஒரு படி: அடியில் 2 மீ. அகலம், இரு பக்கமும் 1.2 மீ. திட்டு, ஆக மேலே 4.4 மீ. இப்போது வெட்டுமுகம் ஒரே தளத்தில் இல்லை. மேல் பாதி முகம் கீழ்ப் பாதி முகத்திலிருந்து 1.2 மீ. பின்தள்ளி நிற்கிறது. குழி அகழிக்குச் சரியான செங்குத்தில் இல்லாமல் 10 பாகை சாய்ந்திருந்தால்கூட, இரண்டையும் ஒட்டி வரையும்போது அடுக்குக் கோடுகள் 20 செ.மீ. அளவுக்குப் பக்கவாட்டில் நழுவும். பிறகு அலுவலகத்தில் அதைப் பார்ப்பவர் "இங்கே ஒரு மறுவெட்டு இருக்கிறது" என்று எழுதிவிடுவார்! இரு முகத்தையும் தனித்தனியாக 1:10இல் வரைந்து, ஒவ்வொன்றின் இரு முனை ஆணியையும் டோட்டல் ஸ்டேஷனில் பிடித்து, திட்டின் மேல் தெரியும் அடுக்குகளை 1:20 தளப்படமாகப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

#9 நத்தைக்கூடு

கரைக்கு அடியில் இருப்பதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முழுச் சின்னத்திலும் விலைமதிப்பற்ற பகுதி. கரை கொட்டப்பட்ட அன்று தரை எப்படி இருந்ததோ அப்படியே மூடப்பட்டிருக்கும். காடா, மேய்ச்சல் நிலமா, உழுத நிலமா என்பதற்கு நேரடிச் சான்று வேறெங்கும் கிடைக்காது.

எடுக்க வேண்டியது: புதைந்த மண்ணின் குறுக்கே, மேலே கரை மண்ணிலும் கீழே அடிப்பாறையிலும் கொஞ்சம் சேரும்படி உலோகச் சட்டப் பெட்டி அழுத்தி மண் நுண்ணமைப்பு மாதிரி. எல்லைக் கோடு பெட்டியின் நடுவில் வர வேண்டும், விளிம்பில் வந்தால் உடைந்துவிடும். பிறகு நத்தைக்கூட்டுக்காக 5 முதல் 10 செ.மீ. இடைவெளியில் செங்குத்து வரிசை, ஒவ்வொன்றும் 2 கிலோ. கரிந்த தானியத்துக்கு ஒவ்வொரு அடுக்கிலும் 40 லிட்டர், மிதவைச் சல்லடை 0.25 மி.மீ.

நத்தை எல்லா இடத்திலும் கிடைக்காது. சில்டர்னில் அடியில் சுண்ணப்பாறை இருந்தாலும் மேட்டு நிலங்களில் அதன் மேல் சக்கிமுக்கி கலந்த களிமண் போர்த்தியிருக்கும். அந்தக் களிமண்ணில் சுண்ணாம்பு கரைந்து போனதால் கூடும் கரைந்துவிடும், எலும்பும் அப்படியே. சுண்ணப்பாறையில் கூடு நன்றாக இருக்கும், மகரந்தம் மோசமாக இருக்கும். ஆகவே முதலில் அடிப்பாறை எது என்று பார்த்து மாதிரித் திட்டம் போடுங்கள். வேறு களத்தின் திட்டத்தை நகலெடுத்து வருபவர்கள் களிமண்ணில் நத்தை வரிசை எடுத்து ஆய்வகப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

அகழி நிரம்பும் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. வில்ட்ஷரின் ஓவர்டன் டவுனில் 1960இல் சோதனைக்காகவே ஓர் அகழியும் கரையும் கட்டி, குறித்த ஆண்டுகளில் வெட்டிப் பார்த்தார்கள். முதல் சில குளிர்காலத்திலேயே உறைபனி பக்கச் சுவரைப் பெயர்த்து அடியில் சுண்ணக்கல் சரளையைக் குவித்தது. 1992இல் பார்த்தபோது சரிவு பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. அதனால் அடிச் சரளையில் கிடைக்கும் பொருள் அகழி வெட்டிய காலத்தை ஒட்டியது. மேலே உள்ள மென்மையான வண்டல் பல நூற்றாண்டுகள் எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பிரிக்காமல் "அகழி நிரப்பு" என்று ஒரே பையில் போட்டால் காலக்கணிப்பே போச்சு.

#10 கரித்துண்டு

காலக்கணிப்பு: இரும்புக்காலத்தின் முதல் பாதியில் கார்பன் முறைக்கு ஒரு பெரிய தொல்லை. ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை அளவீட்டை ஆண்டாக மாற்றும் திருத்தக் கோடு தட்டையாக ஓடுகிறது. கி.மு. 750இல் இறந்த மாடும் 450இல் இறந்த மாடும் ஏறத்தாழ ஒரே அளவீட்டைத் தரும். தனி மாதிரி ஒன்றை அனுப்பினால் நானூறு ஆண்டு அகலத்தில் பதில் வரும்.

தப்பிக்க வழி, அடுக்கு வரிசை தெரிந்த பல மாதிரிகள். புதைந்த மண்ணில் இரண்டு, அடிச் சரளையில் இரண்டு, அதற்கு மேல் இரண்டு, மறுவெட்டில் இரண்டு. வரிசையை முன்னறிவாகக் கொடுத்து, அதையும் அளவீடுகளையும் சேர்த்துக் கணிக்கும் பேயிசியப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டால் அகலம் சுருங்கும். மாதிரி குறைந்த ஆயுள் உள்ளதாக இருக்க வேண்டும்: தானியம், ஹேசல் கொட்டை ஓடு, சுள்ளி. ஓக் வைரக்கரி அனுப்பாதீர்கள், மரத்தின் நடுப்பகுதி வெட்டும் நாளுக்கு நூறு, இருநூறு ஆண்டு முந்தையது. கரை மண்ணுக்குள் கிடைத்த கரி, கரை அதற்குப் பிறகு கட்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு பிறகு என்று சொல்லாது.

ஓஎஸ்எல் (மண் துகள் கடைசியாக வெயில் பார்த்த காலத்தை அளக்கும் முறை) இங்கே நல்ல துணை. ஆனால் எந்த அடுக்கில் குழாய் அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம். கூடையில் அள்ளிக் கொட்டிய கரை மண் வெயிலைச் சரியாகப் பார்க்கவில்லை, அது தவறாகப் பழைய காலத்தைக் காட்டும். அகழியில் மெல்லப் படிந்த வண்டல், புதைந்த தரையின் மேல் சில செ.மீ., இவை சரி. ஒளிபுகாக் குழாய் 5, 6 செ.மீ. விட்டம், 20, 25 செ.மீ. நீளம், புதிதாகச் சுரண்டிய முகத்தில் அடித்து, எடுத்ததும் இரு முனையையும் கருப்பு உறையில் மூடுங்கள். சுற்றி 30 செ.மீ.க்குள் பெரிய கல் இருக்கக் கூடாது, கதிர்வீச்சுக் கணக்கு கெடும். ஈரப்பத மாதிரி தனியாக வேண்டும். வெட்டுமுகம் வாரக்கணக்கில் காய்ந்த பிறகு அதை எடுத்துப் பயனில்லை.

#11 பாலக்கட்டுநர்

இயந்திரம் பற்றி ஒரு கேள்வி. கரைக்கு வெளியே, இரு பக்கமும் உள்ள வயலில் கண்காணிப்பு எப்படி? அங்கே முழு அகழாய்வுக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

#12 மண்ணடுக்கு

அங்கே கண்காணிப்பு முறை பொருந்தும், சரியாகச் செய்தால். சங்கிலிச் சக்கர எக்ஸ்கவேட்டர், பல் இல்லாத 1.8 மீ. பக்கெட், ஒரு தடவைக்கு 10 செ.மீ.க்கு மேல் கூடாது, வண்டி பின்னோக்கியே நகர வேண்டும். திறந்த பரப்பின் மேல் டம்பர் (மண் ஏற்றிச் செல்லும் வண்டி) ஏறக் கூடாது. ஒரு வண்டிக்கு ஒரு தொல்லியலாளர். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் அது கண்காணிப்பே இல்லை. மெட்டல் டிடெக்டரைப் பரப்பிலும் குவித்த மண்ணிலும் ஓட்டுங்கள், இரும்பை ஒதுக்கும் வடிகட்டியை அணைத்துவிட்டு.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பள்ளத்தாக்கின் அடியில் சரிவு வண்டல் ஒரு மீட்டருக்கும் மேல் இருக்கும். பழுப்பாகச் சீராக இருப்பதால் இதுதான் கன்னி மண் என்று நிறுத்திவிடுவார்கள். பழங்காலத் தரை அதற்கும் கீழே. 20 மீ.க்கு ஒரு சோதனைக் குழி போட்டு உறுதி செய்த பிறகே "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதலாம். மற்றொன்று, சுண்ணப்பாறை வெயிலில் வெளுத்துவிடும், அகழியின் கோடு கண்ணுக்கு மறையும். திறந்த அன்றே சுரண்டி, ஆணி அடித்து, ஆர்டிகே ஜிபிஎஸ்ஸில் (செ.மீ. துல்லியமுள்ள ஜிபிஎஸ்) பிடித்துவிடுங்கள். மறைந்த பிறகு தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் திரும்பி வரும், முழுதாக வராது. பாறையில் நீர் கரைத்த இயற்கைப் பள்ளங்களும் குழி போலவே தெரியும். பாதி வெட்டிப் பார்த்தால் தெளிவாகும்.

#13 சட்டப்படி

மனித எலும்பு கிடைத்தால் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். இது கற்பனைக் கவலை அல்ல. வெண்டோவர் அருகே வெல்விக் பண்ணையில் ஹெச்எஸ்2 அகழாய்வில், ஓர் அகழியில் குப்புறக் கிடந்த இரும்புக்கால எலும்புக்கூடு கிடைத்தது, 2020இல் அறிவித்தார்கள். வேலை நிற்க வேண்டும், மூட வேண்டும், காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும், எலும்பு வல்லுநர் வரும் வரை தூக்கக் கூடாது. சாதாரணப் பணியில் 1857 ஆம் ஆண்டுப் புதைப்புச் சட்டப்படி நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம். தனிச் சட்டம் உள்ள பாதைகளில் அந்தச் சட்டத்தின் விதியைப் பாருங்கள்.

புதையல் சட்டம் 1996: பொன்னோ வெள்ளியோ கலந்த வரலாற்றுக்கு முந்தைய பொருள் ஒன்றோ, ஒரே இடத்தில் கிடைத்த அதே காலத்து வெண்கலம் போன்ற உலோகப் பொருள் இரண்டோ இருந்தால் 14 நாளுக்குள் கொரோனருக்குத் (மர்ம மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும்.

#14 நேர்க்கோடு

மண்ணடுக்கு சொன்ன மூன்று வெட்டு முறையை ஏற்கிறேன். அடியை நீளவாக்கில் திறப்பதற்கான காரணத்தை நான் எடைபோடவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். பாதைக்கு வெளியே எஞ்சி நிற்கும் பகுதியின் வெட்டுண்ட முனைக்கு என்ன செய்வது? அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தானே.

#15 மண்ணடுக்கு

முனையைச் செங்குத்தாக விட்டால் முதல் குளிர்காலத்திலேயே உறைபனி அதைப் பெயர்க்கத் தொடங்கும், ஓவர்டன் டவுன் அகழியில் நடந்தது போலவே. முனையை இறுதிப் பாதுகாப்பு வேலிக்கு 1, 2 மீ. உள்ளே நிறுத்தி, ஜியோடெக்ஸ்டைல் துணி போர்த்தி, அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணை மெல்லிய சரிவாகக் கொட்டிப் புல் பதிக்க வேண்டும். துணிதான் பின்னால் தோண்டுபவருக்கு எல்லையைக் காட்டும். சின்னத்தின் சொந்த மண்ணைச் சரித்துச் சாய்வு உண்டாக்காதீர்கள், அது எஞ்சியதையும் வெட்டுவது.

பாதையின் பள்ளம் ஆழமானதாக இருந்தால் நீர்வடிகாலையும் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பில் ஓடும் வெட்டு வாய்க்கால் பெரும்பாலும் பழைய அகழியின் குறுக்கே போகும்படி வரைபடத்தில் இருக்கும், அகழியும் தாழ்வான இடம் என்பதால் தண்ணீர் அதற்குள் திரும்பி எஞ்சிய நிரப்பை அரிக்கும். அந்த இடத்தில் மூடிய குழாயாக மாற்றி, குழாய்ப் பள்ளம் வெட்டும் நாளுக்கும் தொல்லியலாளர் பெயரைப் போடுங்கள். அந்த வேலை பிரதான அகழாய்வு முடிந்து ஒன்றிரண்டு ஆண்டு கழித்து, வேறு ஒப்பந்தக்காரர் கையில் வரும். பழைய குழு அப்போது களத்தில் இருக்காது, அதனால் கரையின் எல்லை ஆயத்தொலைவுகள் வடிகால் வரைபடத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.